மூழ்கியதா, மிதந்ததா

மனிதர்கள் எதெதற்கோ பொய் சொல்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் வயதைக் குறைத்துச் சொல்வார்கள், சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள். அதிலெல்லாம் ஏதோ ஒரு லாபம் இருக்கிறது. நான், என் வயிற்றிலிருந்து போனது தண்ணீரில் மூழ்கியதா, மிதந்ததா என்று ஒரு வைத்தியர் கேட்டபோது, மூழ்கியதை மிதந்தது என்று பொய் சொன்னவன். அந்தப் பொய்யால் ஏமாந்த ஒரே ஆள் நான்தான். வைத்தியருடைய வயிறு நன்றாகத்தான் இருந்தது. என்னைவிடப் பெரிய மடையன் திண்டுக்கல் வட்டாரத்தில் இருந்தால் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட ஆசை. இதுவரை அகப்படவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம். வேலை பார்த்த புகையிலை மண்டியை மூடிவிட்டார்கள். ரெட்டியார்சத்திரத்துக்கு அடுத்த ஊரில் மாமனார் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தேன். மாமனார் நல்ல மனிதர். காய்கறித் தோட்டமும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்தார். போய்விடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும் மகளைக் கூப்பிட்டு, "மாப்ளைக்கு இன்னும் செத்த சோறு வையி தாயி, உக்காந்து உக்காந்து களைச்சுப் போயிருக்காரு" என்பார். அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கியது என்று கேட்டால், நன்றாகத்தான் இறங்கியது. அந்த அளவுக்கு ரோஷம் இருந்திருந்தால் நான் ஏன் அங்கே இருக்கப்போகிறேன்.

ரோஷமெல்லாம் என் மனைவியிடம் இருந்தது. அப்பா அப்படிச் சொல்லும்போது அவள் கரண்டியைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே தெரியும். திண்டுக்கல்லில் ஒரு அறை, அதில் தன் கையால் மூட்டிய ஒரு அடுப்பு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் திண்டுக்கல் பஸ் முதலாளி ஒருவர் நிலக்கோட்டைக்குப் புதிதாக ஒரு வண்டி விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் கண்டக்டர் லைசென்ஸ் இருந்தது, வண்டிதான் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் ஷெட்டில் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம காலைல ஏழு மணிக்கு வண்டிக்குப் பூஜை. அன்னிக்கே மொத ட்ரிப்பு. நீ வந்து நிக்கணும். நிக்கலைன்னா, அந்தா வாசல்ல ஒருத்தன் லைசென்சோட ஒக்காந்திருக்கான் பாத்தியா, கண்டக்டர் பை அவன் தோள்ல ஏறிரும்."

பார்த்தேன். ஒல்லியான ஆள். அவன் முகத்தில் எனக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்கிற பிரார்த்தனை தெளிவாகத் தெரிந்தது. கடவுள் அவனுக்குச் செவி சாய்த்தார். காய்ச்சலுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்தார்.

ஷெட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேகம்பூரில் என்னோடு மண்டியில் வேலை பார்த்த முஸ்லிம் சிநேகிதர் ஒருவர் இருந்தார். நல்ல செய்தியை அவரிடம் சொன்னேன். அவர் வீட்டில் அன்று ஏதோ விசேஷம். "மியான், சாப்டாம போனா நான் ஒங்கூட பேச மாட்டேன்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஆட்டுக்கறி பிரியாணி. எவ்வளவு சாப்பிட்டேன் என்பதை விட்டுவிடுவோம். எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சேதி சொன்னதும் அங்கே நாட்டுக்கோழி அடித்துவிட்டார்கள். ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று என்று சொன்னால், எங்கே என்று மனைவி கேட்பாள். பேகம்பூரில் என்றால், எனக்கு முன்னால் அவருக்குச் சொன்னீர்களா என்று கேட்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன், அதாவது திறந்தேன். கோழிக் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். மாமனார், "என்ன மாப்ள, மெதுவாப் போகுது" என்றதும் ரோஷம் வந்து, மேலே நாலு சிறுமலை வாழைப்பழத்தையும் போட்டேன். இந்த ஒரு ரோஷம் மட்டும் எனக்கு அப்போது ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஓட்டம். தோட்டத்துக்குப் பின்னால் ஓடைக்கும் வீட்டுக்கும் நான் நடந்த தூரத்தைச் சேர்த்து வைத்தால் நிலக்கோட்டைக்கு இரண்டு ட்ரிப் அடித்திருக்கலாம். திங்கட்கிழமை காலையில் என் மனைவி என்னை ரெட்டியார்சத்திரத்து வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் ஆயுர்வேதம் முறையாகப் படித்தவர். நாற்பது வயதிருக்கும். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், கொங்குப் பேச்சு என்பதால் திட்டுவதைக்கூட மரியாதை குறையாமல் திட்டுவார்.

"வாந்தி இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"அரிசி களஞ்ச தண்ணியாட்டம் போகுதுங்களா?"

"அம்புட்டு நல்லாயில்லைங்க."

"ரத்தம்?"

"இல்லைங்க."

"அப்பச் சரி. காலராவாட்டம் இருந்தா நான் தொடறதில்லீங்க. நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லிருவேன்." கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளையாக மாவு பூசியது போல இருந்திருக்கிறது. "என்ன சாப்ட்டீங்க?"

பக்கத்தில் மனைவி நின்றாள். "கோழிங்க. ரெண்டு வாய்."

அவர் நாக்கை இன்னொரு தடவை நீட்டச் சொன்னார். ரெண்டு வாய்க்கு அந்த நாக்கு பொருந்தவில்லை போலிருக்கிறது.

"வெள்ளிக்கெழம வேலைக்குப் போகணும்யா. பஸ் கண்டக்டரு. நிறுத்தறதுக்கு நல்ல மருந்தாக் குடுங்க" என்றேன்.

"இப்ப நிறுத்தக் கூடாதுங்க."

"நிறுத்தத்தானேய்யா வந்தோம்."

"கேளுங்க. ஒங்க வயித்துல அடுப்பு அணைஞ்சு கெடக்குது. அணைஞ்ச அடுப்பு மேல நீங்க ஒலையை ஏத்தியிருக்கீங்க. உள்ள இருக்கறது வேகாத சோறு. அதுக்கு ஆமம்னு பேரு. அது வெளிய போயே ஆகோணும். இப்பக் கதவைச் சாத்துனா உள்ளயே கெடந்து நாறும். வயிறு உப்பும், வலிக்கும், காய்ச்சல் வரும். அடுப்பை மூட்டறதுக்கு மொதல்ல மருந்து. உள்ள இருக்கறது பக்குவமானப்புறம் நிறுத்தறதுக்கு மருந்து. ரெண்டும் வேற வேறங்க."

எனக்கு அது நன்றாகவே விளங்கியது. இறங்குகிறவர்கள் இறங்கின பிறகுதான் ஏறுகிறவர்கள் ஏற வேண்டும். கண்டக்டருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. விளங்கியும் நான் செய்ததுதான் சங்கதி.

சுக்கும் கோரைக்கிழங்கும் தட்டிப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை அடிக்கடி குடிக்கச் சொன்னார். பசித்தால் நெல்பொரியில் வைத்த கஞ்சியின் தெளிவில் உப்புப் போட்டுக் குடிக்கலாம். வேறு எதுவும் கூடாது. பிறகு பரீட்சை முறையைச் சொன்னார்.

"ஒரு பழைய சட்டியில தண்ணி வச்சுக்கங்க. அதுல விழறது மூழ்குச்சுன்னா ஆமம் இன்னும் இருக்குதுன்னு அர்த்தம். மிதந்துச்சுன்னா பக்குவம். நாளைக்குக் காத்தால பாத்துட்டு வந்து சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வாய் உடைந்த சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். மாமனார் வெண்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, சட்டியும் கையுமா? மீனு புடிக்கவா?"

"வைத்தியரு பாக்கச் சொன்னாரு மாமா."

"என்னத்த?"

சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஒங்களுக்குன்னு ஒரு வேலை கெடச்சிருச்சு" என்றார்.

சட்டியில் விழுந்தது கிணற்றில் கயிறறுந்த வாளி போல நேரே அடிக்குப் போயிற்று. நானும் செத்த நேரம் குந்தியபடி பார்த்திருந்தேன், மனம் மாறி மேலே வருமா என்று. வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். ஒல்லி ஆளின் முகம் சட்டித் தண்ணீரில் தெரிந்தது. அங்கேயே தீர்மானம் பண்ணினேன். என் உறுதியைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம். முட்டாள்தனமான காரியத்தில் நான் இறங்கினால் பின்வாங்கினதே இல்லை.

வைத்தியரிடம் நான் மட்டும் போனேன்.

"மூழ்குச்சுங்களா, மிதந்துச்சுங்களா?"

"மிதந்துச்சுங்க."

"ஒரே நாள்லயா? நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேங்க. பரிசல் மாதிரி மிதந்துச்சு."

பரிசலோடு நிறுத்தியிருக்கலாம். "லேசா சுத்துச்சுங்க" என்று வேறு சேர்த்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போனார். வில்வப் பிஞ்சும் மாதுளந்தோலும் குடசப்பாலைப் பட்டையும் சேர்த்த பொடி ஒன்றைக் கொடுத்தார். தேனில் குழைத்து இரண்டு வேளை. அது நிறுத்துகிற மருந்து. இரண்டு வேளை என்றதை நான் நாலு வேளையாகச் சாப்பிட்டேன். வேலைக்குப் போகிறவனுக்கு அவசரம் இருக்காதா.

நின்றது. புதன்கிழமை காலையில் வயிற்றில் சத்தமே இல்லை. காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மனைவியிடம், "வைத்தியருக்கு ஒண்ணும் தெரியல, எனக்கு ஒடம்பு அப்பிடி" என்று பேசினேன். மத்தியானத்துக்குள் அந்தச் சட்டையின் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. காற்று மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல வலி. சாயங்காலம் உடம்பு கொதித்தது.

என் மனைவி வயிற்றில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாள். "ஏங்க, தவிலு மாதிரி கேக்குதே" என்றாள். நான் சிரிக்கப் பார்த்தேன். சிரித்தால் வலித்தது. அதிலிருந்துதான் விஷயம் பெரிது என்று எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் மாமனாரும் மனைவியும் என்னை மாட்டு வண்டியில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு ஒவ்வொரு சாமி பேர் ஞாபகம் வந்தது. வைத்தியர் வயிற்றில் கை வைத்தார். உடனே கையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, மிதந்துச்சுன்னு சொன்னது நெசங்களா?"

"கொஞ்சம்..."

"அது கொஞ்சமா மிதக்காதுங்க. ஒண்ணு மிதக்கும், இல்லாட்டி மூழ்கும்."

"மூழ்கிருச்சுங்க."

"பரிசலு?"

"அதுவும் மூழ்கிருச்சுங்க."

வைத்தியர் விடவில்லை. சனிக்கிழமை சாப்பிட்டது முழுவதையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். வலியில் எல்லாமே வெளியே வந்துவிட்டது, பேச்சைச் சொல்கிறேன். பேகம்பூர் பிரியாணி, வீட்டுக் கோழி, வாழைப்பழம் நாலு.

"பிரியாணி மேல தப்பில்லீங்க. அது செரிக்கறதுக்கு முன்னால மறுபடியும் தின்னீங்க பாருங்க, அதுதான் இது" என்றார் அவர்.

என் மனைவிக்குப் பிரியாணியைப் பற்றிய கவலை இல்லை. "அப்ப, வேலை கெடச்சத எனக்கு முன்னாடி பேகம்பூர்ல சொல்லிட்டுத்தான் வந்தீங்க" என்றாள். வைத்தியர் மருந்து எடுப்பதுபோல உள்ளே போய்விட்டார். அவருக்கும் கல்யாணமாகியிருந்தது.

திரும்பி வந்து கடுக்காய்ப் பொடியும் திப்பிலியும் வெந்நீரில் கலக்கிக் கொடுத்தார். மூடின கதவைத் திறக்க வேண்டுமாம். பிறகு பழையபடி சுக்கு, கோரைக்கிழங்கு, பொரிக்கஞ்சித் தெளிவு. முதல் பாடத்திலிருந்து மறுபடி.

"நாளைக்கு வெள்ளிக்கெழமய்யா" என்றேன்.

"காலண்டர் எங்க வீட்லயும் இருக்குதுங்க." என் மனைவி பக்கம் திரும்பினார். "இனிமே இவர் சொல்றது எனக்கு வேண்டாமுங்க. சட்டியை நீங்க பாத்து, நீங்க வந்து சொல்லுங்கம்மா."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "திங்கக்கெழமைக்குள்ள எந்திரிச்சு நிப்பாராய்யா?"

"சொன்னபடி கேட்டா நிப்பாரு."

"கேப்பாரு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மாட்டைப் பற்றி மாட்டுக்காரர் சொல்வதுபோலச் சொன்னாள்.

என்னை வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் அங்கேயே திண்டுக்கல் பஸ் ஏறினாள். அதுவரை அவள் தனியாக பஸ்ஸில் போனதில்லை. மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தாள். நான் ஓடைக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவளைப் பிடித்தேன்.

"முதலாளியப் பாத்தியா? என்னன்னு சொன்ன?"

"வயித்தால போகுதுன்னு சொன்னேன்."

"காய்ச்சல்னு சொல்லக்கூடாதா?"

"நீங்க சொன்ன பொய்யோட வீக்கமே இன்னும் வத்தல."

திங்கட்கிழமை வரைக்கும் தவணை கேட்டிருக்கிறாள். முதலாளி யோசித்தாராம். மூன்று நாளைக்கு அந்த ஒல்லி ஆள் பையை மாட்டட்டும், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வரவில்லை என்றால் வண்டி அவனோடுதான் என்றாராம். "ரெண்டாவது தடவ வந்து கேக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கட்டிலில் படுத்தபடி அந்தப் பூஜையை நினைத்தேன். தேங்காய் உடைத்திருப்பார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் டயர் ஏறியிருக்கும். வேறொருவன் விசில் ஊதியிருப்பான். வயிற்று வலியைவிட அது அதிகமாக வலித்தது. அன்றைக்கு என் வேடிக்கைப் பேச்சை எல்லாம் மூட்டை கட்டி வைத்தேன். இனி ஒரு பருக்கை இவள் சொல்லாமல் உள்ளே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் சொன்னதில் நான் நின்ற சில தடவைகளில் அது ஒன்று.

சட்டியை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் வைத்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு வந்து பார்ப்பாள். துவரம்பருப்பு வெந்ததா என்று பார்க்கிற அதே பார்வை. நான் கொஞ்சம் தள்ளி, பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பையன் மாதிரி நிற்பேன். கூச்சமெல்லாம் முதல் நாளோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை: "மூழ்குது."

சனிக்கிழமை: "மூழ்குது. ஆனா யோசிச்சு மூழ்குது."

சனிக்கிழமை சாயங்காலம் அயிரை மீன் குழம்பு வாசனை அடுப்படியிலிருந்து வந்தது. மாமனார் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். "மாப்ளைக்கு ரெண்டு மீனு..." என்று ஆரம்பித்தார். என் மனைவி, "அப்பா" என்றாள். அவ்வளவுதான். அவர் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வந்து சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் எனக்காக ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் கஞ்சித் தெளிவைக் குடித்தேன். அதில் எண்ணினால் பதினைந்து பருக்கை கிடந்தது. அது சனிக்கிழமைக்கான பதவி உயர்வு.

இன்றைக்கு என் வீட்டில் ஒரு பிள்ளைக்கு இப்படிப் போனால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம்தான் ஓடுவேன். சின்ன உடம்பு தாங்காது. ஆனால் அந்த வைத்தியர் சொன்ன அடுப்புக் கணக்கை மட்டும் அதற்குப் பிறகு நான் மீறவில்லை. பசித்தால் சாப்பாடு, பசிக்காவிட்டால் இல்லை. மாமனார் என்ன சொன்னாலும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சட்டியருகே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். குச்சியால் ஒரு தள்ளு தள்ளினாள். காத்திருந்தாள். மறுபடி தள்ளினாள்.

"என்ன?" என்றேன்.

"இருங்க."

தொழுவத்தில் மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் கஞ்சித் தெளிவிலே நின்ற காலை மாற்றி ஊன்றினேன்.

"மிதக்குது" என்றாள். முந்தானையை முகத்திலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. இப்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வைத்தியர் அவளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அதே வில்வப் பிஞ்சுப் பொடியைக் கொடுத்தார். இந்தத் தடவை பொட்டலம் அவள் கைக்குப் போனது. குழைந்த சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துச் சாப்பிடலாம், காரமும் கறியும் இன்னும் ஒரு வாரத்துக்கு வேண்டாம் என்றார்.

"நாளைக்கு வண்டி ஏறலாமுங்களா?" என்றேன்.

"ஏறுங்க. நெலக்கோட்டையில எறங்கி வடை தின்னீங்கன்னா, அங்கயே ஒரு வைத்தியரைப் பாத்துக்கங்க."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் திண்டுக்கல் போனோம். நான் காக்கிச் சட்டையில். பொத்தான் பூட்ட வந்தது, மேலே இரண்டு விரல் இடமும் இருந்தது. அவள் கையில் மோர்ச்சோறு கரைத்த தூக்குவாளி. ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரவில்லை.

வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். படிக்கட்டின் பக்கத்தில் ஒல்லி ஆள் தோளில் பையோடு நின்றான். மூன்று நாளில் பை அவனுக்குப் பொருந்திப்போயிருந்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மெலிந்த முகத்தையும் குழிவிழுந்த கண்ணையும் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"வயிறு எப்பிடி இருக்கு? நடு ரோட்டுல வண்டிய நிறுத்தச் சொல்லுவியா?"

வழி நெடுக நான் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. மரியாதையான பேச்சு. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லக் கூடாது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"நிறுத்தச் சொல்ல மாட்டேன் முதலாளி. நேத்தே பக்குவமாயிருச்சு. நானாச் சொல்லல, ஏம் பொண்டாட்டியே பாத்தா. ஒரு சட்டியில தண்ணி ஊத்தி வச்சு, அதுல..."

முதலாளி ஒல்லி ஆளின் தோளிலிருந்து பையைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"போதும்யா, விசில ஊது."